நிலைக்கு இரண்டு பக்கமும்

சித்தாண்டியில் ஒருவர் கதவு போடுகிறார் என்றால் அதற்கு யோசனை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். கிணறு வெட்டும்போது எட்டிப் பார்க்காதவர்கூட, கதவு என்றதும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். எந்தத் திசை, என்ன மரம், ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா, யார் கையால் நிலை வைப்பது என்று ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள். கண்ணகை ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானப் பார்சல்களை அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினாள். அவளுடைய சம்பந்தி அன்னப்பூரணியின் கணக்கில் முதல் குற்றம் அதுதான்.

கண்ணகைக்கு ஐம்பத்து மூன்று வயது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த புருசன், மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய பத்திதான் அவளுக்குத் தொழிற்சாலை. விடியுமுன் மூன்று அடுப்பும் எரியத் தொடங்கும். வயல் வட்டைக்குள் வேலை செய்கிறவர்கள், நெல் வெட்டு மெசின்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், செங்கலடிக் கந்தோர்களில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் என்று எல்லாருக்கும் அவளுடைய சோற்றுப் பார்சல் போகும். விரால் மீன் குழம்பும், முருங்கைக்கீரைச் சுண்டலும், மாங்காய் போட்ட பருப்பும், தொட்டுக்கொள்ள ஒரு துண்டுக் கருவாட்டுப் பொரியலும் அதில் இருக்கும். அந்தப் பருப்புக்காகவே காத்துக் கிடக்கிறவர்கள் உண்டு.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் தக்ஷாயினிக்குக் கலியாணம் முடிந்தபோது மற்றத் தாய்மாரைப் போலவே கண்ணகையும் வீட்டை மகள் பேரில் எழுதிக் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வந்தது வேறு வழியாக. போன வேளாண்மை வெட்டு நேரத்தில் ஒரு மெசின்காரனுக்கு வயிற்றால் போய்விட்டது. கண்ணகையின் சோறு பழஞ்சோறு என்று எவனோ கதை கட்டிவிட்டான். பின்பத்திக்குள் அவள் என்ன ஆக்குகிறாள் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். இரண்டு கிழமையாகப் பார்சல்கள் கட்டினது கட்டினபடி திரும்பி வந்தன. அந்தச் சோற்றை மாட்டுக்கு வைத்தபோது அவளுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பெரிய றோட்டோரம் அவள் பேரில் மிச்சமிருந்த துண்டுக் காணியில், முன்னுக்கு ஒரு கடை, பின்னுக்குப் படுக்க ஒரு அறை என்று கல் அடுக்கத் தொடங்கியது அந்தக் கோபத்தில்தான். கடை முகப்பில் பத்தடி அகலத்துக்கு வாசல் விடச் சொன்னாள். அடுப்பை முன்பக்கம் கட்டச் சொன்னாள். மேசன் கோணாமலை தலையைச் சொறிந்தான்.

"ஆரும் அடுப்ப முன்னுக்கு வைப்பாங்களாக்கா? பின்னுக்குத்தானே வைக்கிற."

"பின்னுக்கு வச்சுத்தானே பட்ட பாடு. என்ட அடுப்பு றோட்டால போற பஸ்ஸுக்கும் தெரியோணும்."

ஏறாவூரில் அவள் போன கடையை நடத்துகிறவள் ஸகியா. முக்காட்டுக்கு மேலேயே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அறுத்த அலுமினியத் துண்டுகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருப்பாள். தம்பி அம்ஜத் கட்டாரில் கண்ணாடி பூட்டி வந்தவன். அவன் உள்ளே வெட்டுவான், பூட்டுவான். வருகிற ஆட்களிடம் பேசி எது வேண்டும் என்று முடிவெடுக்க வைப்பது ஸகியாவின் வேலை.

"வெள்ள இரிக்கி, மண்ணிறம் இரிக்கி, மரம் மாதிரிக் கோடு விழுந்ததும் இரிக்கி. எது போடுவம் அக்கா?"

"மரம் மாதிரி எண்டா, அலுமினியந்தானே?"

"அலுமினியந்தான். பாக்கிறவங்களுக்கு மரம்."

"பாக்கிறவங்கள ஏய்க்கவா நான் கட போடுற? வெள்ளையக் காட்டுங்க."

ஸகியா இரண்டு சட்டத் துண்டுகளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பெருவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். ஒன்று வளைந்தது, மற்றது வளையவில்லை. வளைகிறது மலிவு என்றும், வளைகிறதைப் போட்டால் மாரி மழைக் காற்றுக்குக் கண்ணாடி கிடுகிடுக்கும் என்றும் சொன்னாள். வாவிக் காற்றில் உப்பு இருப்பதால் நிறம் பூசாத வெறும் அலுமினியம் ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாய் அரிக்கும் என்றாள். கண்ணகை வளையாத துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முன்னுக்கு இழுக்கிற கதவு வடிவா இரிக்குமே?" என்று கேட்டாள்.

"வடிவுதான். கச்சான் காத்துக்கு றோட்டு மண்ணெல்லாம் தண்டவாளத்துல வந்து அடையும். நீங்க சோறாக்குவீங்களா, மண் கிண்டுவீங்களா? அசையாத கண்ணாடியாப் போட்டு, நடுவுல திறந்து மூடுற கதவு ஒண்டு வைப்பம். இழுக்கிற யன்னல் பின்பக்கம் போதும். கீழ ரெண்டடிக்குக் கல்லுக் கட்டுங்க, வெள்ளம் வந்தாலும் பயமில்ல."

பிறகு கண்ணாடிக்கு வந்தார்கள். ஸகியா கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"கூடுதலா இதத்தான் எடுக்கிறாங்க. பகல்ல உள்ளுக்கிருந்து நீங்க றோட்டப் பாக்கலாம். றோட்டால போறவங்களுக்கு நீங்க தெரியமாட்டீங்க."

"எனக்கு மறுபக்கமா வேணும் புள்ள. நான் றோட்டப் பாக்காட்டிப் பறவாயில்ல. றோட்டு என்னப் பாக்கோணும்."

உள்ளேயிருந்து அம்ஜத் சிரித்தான். "அப்பிடி ஒரு கண்ணாடி கட்டார்லயும் இல்லக்கா. வெறுங் கண்ணாடிதான் இரிக்கி. ரெண்டு பக்கமும் பாத்துக்கொள்ள வேண்டியதுதான்."

"அதப் போடுங்க. நல்ல தடிப்பாப் போடுங்க."

"எப்ப வந்து பூட்டுவீங்க?" என்று அவள் கேட்டதற்கு, ஸகியா உடனே நாள் சொல்லவில்லை. பூச்சு முடிந்து, ஒரு பத்து நாளாவது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அளப்போம் என்றாள். ஈரச் சீமெந்து அலுமினியத்தைத் தின்றுவிடும், பூசாத வாசலை அளந்தால் அளவும் பிழைத்துவிடும். அதுவரைக்கும் வாசல் திறந்துதான் கிடக்கும். கண்ணகைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பத்து நாள் இடைவெளியில் என்ன நடக்கக்கூடும் என்று அவள் அப்போது யோசிக்கவேயில்லை.

அடுத்த நாளே அன்னப்பூரணி வந்து இறங்கினாள். மருமகன் தனோஜனின் தாய். கோயில் காரியம், கலியாணக் காரியம் எதிலும் முன்னுக்கு நிற்கிறவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. தன் வீட்டுக்கு எது மரியாதை என்று அவள் நினைக்கிறாளோ அது ஊரில் எல்லாருக்கும் மரியாதை என்று நம்புகிறவள், அவ்வளவுதான். ஆவென்று திறந்து கிடந்த வாசலை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணாடி போடப் போறயாம். மெய்தானா மச்சாள்?"

"மெய்தான்."

"கண்ணாடிக்குள்ள நிண்டு வேர்க்க வேர்க்கச் சோறாக்கப் போற. போற வாற சனமெல்லாம் பாக்கப் போகுது."

"பாக்கத்தானே போடுற."

"கண்ணகை அம்மாளுக்கே வருசத்துல ஒருக்காத்தான் கோயில் கதவு திறக்கிற. உனக்கு நாள் முழுக்கத் திறந்திரிக்கோணுமோ?"

"அம்மாள் சோத்துப் பார்சல் விக்கல்லையே மச்சாள்."

அன்னப்பூரணி வந்த வழியே திரும்பிவிட்டாள். அவள் போனதைப் பார்த்து, விசயம் முடிந்தது என்று கண்ணகை நினைத்தாள். அவளுக்குச் சமையல் தெரிந்த அளவுக்குச் சம்பந்தியைத் தெரியாது.

வைகாசியில் அம்மாளைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக்குச் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போவது அவள் வழக்கம். பேர் வைத்த தெய்வம். இந்த முறை ஒரு நேர்த்தியும் இருந்தது. கலியாணம் முடிந்து மூன்று வருசமாகியும் தக்ஷாயினிக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் நின்று, குளிர்த்தி பார்த்து, மகளுக்காக அழுது கும்பிட்டுவிட்டு, அம்மாளுக்குப் படைத்த மடைச் சோறும் வேப்பிலையும் பையில் கட்டிக்கொண்டு திரும்பினாள். பஸ்ஸால் இறங்கும்போது வெயில் உச்சியில் நின்றது. கச்சான் காற்று றோட்டுப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

வாசலைக் காணவில்லை.

பத்தடி வாசலின் இரண்டு பக்கமும் சீமெந்துக் கல்லால் மேல் பீம் வரைக்கும் அடைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு முதிரை மர நிலை. அதில் இரட்டைக் கதவு, இறுகச் சாத்தியபடி. நிலையில் மஞ்சள் பூசி, சந்தனப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டிருந்தது. பக்கத்தில் கோணாமலை கரண்டியைக் கழுவிக்கொண்டு நின்றான். கதவுக்கு முன்னால் அன்னப்பூரணி வெற்றிலைத் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தனோஜன், அவனுக்கும் பின்னால் தக்ஷாயினி.

"வா மச்சாள், நல்ல நேரம் பாத்து வந்திரிக்காய்," என்றாள் அன்னப்பூரணி. "விடியத்தான் வச்ச நாங்க. ஐயர் வந்து பூசை பண்ணி, கீழ நவதானியம் போட்டு, பாலூத்தி வச்ச. இது என்ட வீட்டு முதிரை. மகன் மேல்மாடி கட்டினா வைக்கலாம் எண்டு பத்திரப்படுத்தி வச்ச மரம். உனக்குத் தந்திரிக்கன்."

"என்னக் கேட்டயா?"

"கேட்டா நீ ஓமெண்டு சொல்லுவியா?"

"மாட்டன்."

"அதுதான் கேக்கல்ல."

கண்ணகை கோணாமலையைப் பார்த்தாள். அவன் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்க சம்மதம் எண்டு உங்கட மருமகன் தம்பிதான் சொன்ன, அக்கா. எனக்கென்ன தெரியும்."

தனோஜன் முன்னுக்கு வந்தான். மாமியார் முகத்தைப் பார்த்துப் பேச அவனால் முடியவில்லை.

"மாமி, கோவப்படாதீங்க. தனிய இரிக்கப் போறீங்க. கள்ளன் வந்தாக் கண்ணாடி தாங்குமா?"

"கள்ளன் வந்து என்ட சோத்துப் பானையத் தூக்கிக்கிட்டு ஓடுவானா மருமகன்? உள்ளதச் சொல்லுங்க."

அவன் றோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எங்கட கந்தோர் ஆக்களெல்லாம் இந்த றோட்டாலதான் போறவங்க. நீங்க அடுப்புக்கு முன்னால சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்கிறத அவங்க பாத்தா எனக்கு ஒரு மாதிரி இரிக்கும்."

"உங்கட கந்தோர்ல பாதிப்பேர் நான் ஆக்கின சோத்தத் திண்டுதான் பின்னேரம் மட்டும் இரிக்கிறாங்க. திங்கிறதுக்கு அவங்களுக்கு வெக்கமில்ல. ஆக்குறதுக்கு எனக்கென்ன வெக்கம்?"

பைகளை நிலத்தில் வைத்தாள். "கோணாமலை, இதப் பிடுங்கு."

கோணாமலை ஓரடி பின்னுக்குப் போனான். "அக்கா, பூசை பண்ணி வச்ச நிலை. அசைக்கப்படாது. எனக்கும் புள்ள குட்டி இரிக்கு."

"அவனுக்கு மட்டுமா?" என்றாள் அன்னப்பூரணி. குரல் தணிந்திருந்தது. "ஒரு புள்ளைக்காகப் பாத்திரிக்கிற பொம்புள ஒராள் இந்தக் குடும்பத்துலயும் இரிக்கு. நீ பிடுங்கு மச்சாள். மறுகா உன்ட மகள்ற வயித்தப் பாத்து நீதான் அழுவாய்."

அந்தச் சொல் கண்ணகையைக் குத்தியது. கண்ணகை ஊருக்குப் பயந்தவள் அல்ல, ஆனால் அம்மாளுக்குப் பயந்தவள். வைத்த நிலையைப் பிடுங்கினால் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அன்னப்பூரணி அதைத் தெரிந்துகொண்டுதான் கண்ணாடி பூட்டும் வரைக்கும் பொறுக்காமல், அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நிலையை வைத்திருக்கிறாள். கண்ணகை மகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

தக்ஷாயினி கால் விரலால் மண்ணைக் கீறினாள். "நீங்க வந்து பாத்தாப் பழகிருவீங்க எண்டு அவர் சொன்ன."

"ஒரு போன் எடுக்க ஏலாமப் போச்சா?"

தக்ஷாயினி புருசனுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கண்ணகைக்கு அழுகை வந்தது. அதை அவர்களுக்குக் காட்ட விருப்பமில்லாமல் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய், பின்னால் சாத்திக்கொண்டாள்.

உள்ளே பட்டப்பகலில் இருட்டு. பழைய பின்பத்தியைக் கொண்டுவந்து றோட்டோரம் வைத்த மாதிரி இருந்தது. அங்காவது மூன்று பக்கமும் திறந்து கிடந்தது. தென்னம்பாளை இரண்டை முறித்துப் புது அடுப்பில் போட்டு மூட்டிப் பார்த்தாள். புகை மேலே போய் முட்டித் திரும்பி வந்து கண்ணைக் கரித்தது. நெற்றி வியர்வை கழுத்து வழியாக இறங்கியது. இதற்குள் நின்று இன்னும் இருபது வருசம் சமைக்க வேண்டும். வெளியில் நிற்கிறவன் எவனும், உள்ளே என்ன நடக்கிறதோ என்று வாய்க்கு வந்ததைப் பேசலாம். மாட்டுக்கு வைத்த சோறு ஞாபகம் வந்தது. கோபத்தில் கையில் மிஞ்சிய பாளைக் காம்பால் பக்கத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினாள்.

காம்பு உள்ளே இறங்கியது. கல்லுக்கு இடையிலிருந்த சாந்து பொலபொலவென்று உதிர்ந்து காலில் விழுந்தது. விடியற்காலை வைத்த சாந்து, இன்னும் பச்சை.

கண்ணகை உதிர்ந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். பீம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு முழுதாக ஓடியது, அவள் பத்தடி வாசலுக்கென்று போடச் சொன்ன பீம். நிலையின் மேல் முனையைக் கண்ணால் அளந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். யாரும் இன்னும் போகவில்லை.

"கோணாமலை, இஞ்ச வா. இந்த நிலை எதப் பிடிச்சு நிக்குது?"

"மேல பீமத் துளைச்சு முளை அடிச்சிரிக்கன். கீழ படிக்குள்ள இறக்கிக் கொங்கிறீட் போட்டிரிக்கன். ஏன்?"

"பக்கத்துக் கல்லு இல்லாட்டியும் நிக்குமா?"

"ரெண்டு நாள் முட்டுக் குடுத்தா நிக்கும். ஆனா நிலைய மட்டும் அசைக்கச் சொல்லாதீங்க அக்கா, கும்பிட்டன்."

"நிலையத்தானே அசைக்கப்படாது?"

"ஓம்."

"சுவருக்குப் பூசை பண்ணினீங்களா?"

"சுவருக்கு ஆராவது பூசை பண்ணுவாங்களா?"

"அப்ப சுவர உடை."

முதலில் சிரித்தது கோணாமலைதான். சிரித்ததும் தனோஜனைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். அன்னப்பூரணி வெற்றிலைத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"மச்சாள், இது நியாயமில்ல."

"ஏன் இல்ல? உன்ட நிலை, உன்ட முதிரை, உன்ட மாவிலை, ஒண்டுலயும் நான் கை வைக்கல்ல. நவதானியமும் அப்பிடியே கிடக்கு. இந்தக் கதவால வாறவங்க வரட்டும், போறவங்க போகட்டும். சுவர் என்ட சுவர்."

"ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். என்ட அடுப்பப் பாத்துச் சிரிக்கட்டும். காணாமக் கத கட்டினதவிட, கண்டு சிரிக்கிறது எனக்கு நல்லம்."

கல் பெயர்க்கிற இரும்பு அலவாங்கு மணல் குவியலில் குத்தி நின்றது. கோணாமலை தயங்கினான். தனோஜன் அவனுக்குக் கூலி பேசினவன். கண்ணகை காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அலவாங்கை இழுத்தெடுத்து, வலது பக்கச் சுவரின் நடுவில் தன் பலம் முழுவதையும் சேர்த்து இடித்தாள். மூன்றாவது இடியில் ஒரு கல் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து அடுப்புப் புகையை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. றோட்டால் போன ஒரு பஸ் மெதுவாகியது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று எட்டிப் பார்த்தான்.

"தாங்க அக்கா," என்று கோணாமலை அலவாங்கை வாங்கினான். "நிலையில பட்டுரும். நான் பக்குவமா எடுக்கிறன்."

அன்னப்பூரணி தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். தக்ஷாயினி அவளோடு போனாள். ஏறும்போது ஒருமுறை தாயைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணகை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஸகியாவும் அம்ஜத்தும் அளக்க வந்த அன்று, அம்ஜத் வாகனத்தை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்ட வெளியில் ஒரு மஞ்சள் பூசின நிலையும், அதில் சாத்தின முதிரைக் கதவும் தனியாக நின்றன. இரண்டு பக்கமும் இரண்டடி உயரத்துக்குக் கல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"ராத்தா, கட்டார்ல இருபது மாடிக்குக் கண்ணாடி பூட்டியிரிக்கன். இப்பிடி ஒரு வாசல நான் காணல்ல."

"வாய மூடிக்கிட்டு அள," என்றாள் ஸகியா. கண்ணகையைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா இது? நான் சொன்ன கதவு எங்க?"

கண்ணகை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். ஸகியா கேட்டு முடித்துவிட்டு நிலையைத் தடவிப் பார்த்தாள்.

"மரம் நல்ல மரம். மாரிக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். அலுமினியம் அப்பிடி இல்ல. ரெண்டையும் ஒட்ட வைச்சா மழைக்குள்ள மரம் நெருக்கிக் கண்ணாடி வெடிச்சுப் போகும். நடுவுல இடம் விட்டு றபர் வைப்பம். பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும், ஒண்ட ஒண்டு நெருக்காம."

"என்னையும் என்ட சம்மந்தியையும் போல."

"உங்களுக்கு இடையில எவ்வளவு றபர் வைச்சாலும் காணாது போல இரிக்கி."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். குளிர்த்திக்குப் பிறகு கண்ணகை வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அம்ஜத் ஒவ்வொரு பக்கத்தையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எது சின்னதோ அதை எழுதிக்கொண்டான்.

கடை திறந்த வெள்ளிக்கிழமை ஊரில் பாதி அந்தப் பக்கமாக வந்தது. சாமான் வாங்கப் போகிறவர்கள்போல வந்தார்கள். ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு தரம் வந்தவர்களும் உண்டு. வெள்ளைச் சட்டத்துக்குள் கண்ணாடி இரண்டு பக்கமும் வெயிலில் பளிச்சென்று நின்றது. நடுவில் அன்னப்பூரணியின் கதவு. கண்ணாடிக்குள்ளே எல்லாம் தெரிந்தது. கழுவிக் கவிழ்த்த சட்டிகள், ஓலைப் பெட்டியில் உரித்த வெங்காயம், அரிந்த விரால், மூன்று அடுப்பு, மூன்றுக்கும் நடுவில் சேலையைச் செருகிக்கொண்டு கண்ணகை. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் கொஞ்ச நேரம் முதுகு கூசியது உண்மைதான். பருப்புக்கு மாங்காய் போடுகிற நேரத்தில் அது போய்விட்டது.

மத்தியானம் நெருங்க, கந்தோர் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வரிசையாக நின்றார்கள். தனோஜனும் வந்திருந்தான். வராவிட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று வந்தானோ என்னவோ, வரிசையில் நிற்காமல் வாகை மரத்தடியில் ஒதுங்கி நின்றான். றோட்டுக்கு மறுபக்கம் ஒரு ஆட்டோ நின்றது. அதற்குள் அன்னப்பூரணி இருந்தாள். அதிலிருந்து தக்ஷாயினி மட்டும் இறங்கி, நெஞ்சோடு ஒரு பொதியை அணைத்துக்கொண்டு, முதிரைக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

தாயும் மகளும் பேசி மூன்று கிழமையாகியிருந்தது.

"மாமி தைச்சுத் தந்து விட்டவ," என்றாள் தக்ஷாயினி. பொதியை விரித்தாள். தடித்த சிவப்புத் துணியில் இரண்டு திரைச்சீலை, இந்தப் பக்கக் கண்ணாடிக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. "இன்னும் சனம் கூடுறதுக்கு முதல் போடட்டாம். சாப்பாடு குடுக்கிற நேரம் மட்டும் விலக்கி விடலாமாம். இதுக்காவது ஓமெண்டு சொல்லுங்கம்மா. எனக்கு ரெண்டு பக்கமும் பேச்சுக் கேக்க ஏலாது."

கண்ணகை துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல தடிப்பு."

"ஓம். ஏறாவூர்லதான் எடுத்த."

"உன்ட மாமி மலிவா ஒண்டும் எடுக்கமாட்டா."

பெரிய அடுப்பில் சோறு பதமாகி நின்றது. இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டிய நேரம், விட்டால் குழைந்துவிடும். கண்ணகை ஒரு திரைச்சீலையை எடுத்து நாலாக மடித்தாள், அதை இன்னொருமுறை மடித்தாள். கொதிக்கிற பானையின் ஒரு காதில் சுற்றிப் பிடித்தாள்.

தக்ஷாயினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். றோட்டுக்கு மறுபக்கம் ஆட்டோவின் பக்கத்துப் படங்குத் துணி விலகியது.

"அம்மா! மாமி பாத்துக்கிட்டு இரிக்கிறா!"

"பாக்கட்டும். பாக்கத்தானே கண்ணாடி." கண்ணகை மற்றக் கையைச் சேலைத் தலைப்பால் சுற்றி அடுத்த காதில் வைத்தாள். "தனியத் தூக்கி எனக்குப் பழக்கம். நீ போறதெண்டாப் போ மகள், உன்னக் கோவிக்கமாட்டன். பாரம் என்டது."

தக்ஷாயினி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். வாகை மரத்தடியில் புருசன், வரிசையில் அவனுடைய கந்தோர் ஆட்கள், ஆட்டோவில் மாமியார். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் தாயைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு மெல்லியது, ஏற்கனவே பொசுங்கும் வாசம் வந்தது.

"கை வெந்து போகும், விடுங்க," என்று கோபமாகச் சொன்னாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். மற்றச் சீலையை உதறி மடித்துப் பானையின் அடுத்த காதைப் பிடித்தாள். "ஒண்டு, ரெண்டு எண்டு சொல்லித் தூக்குங்க. போன முறை மாதிரிக் காலுல ஊத்தாதீங்க."

தூக்கினார்கள். பானையைச் சாய்த்து வடித்தார்கள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க இறங்க, ஆவி மேலே எழுந்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரே வீச்சில் மூடிவிட்டது. வெளியே ஒருவரும் தெரியவில்லை. வெளியே நின்றவர்களுக்கும் இவர்கள் தெரியவில்லை.

கண்ணகை பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். தக்ஷாயினி கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். மாமியார் தைத்த சீலையைக் கையில் உருட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக, ஒரு மூலை மிச்சமில்லாமல், றோட்டு முழுதும் தெரிகிற மட்டும் துடைத்தாள்.